போனில் டிக், மெஷினில் பெப்பே

கொஞ்ச நாளா மண்டைக்குள்ள ஒரு கடுப்பு ஓடிக்கிட்டே இருக்கு. இறக்கி வைக்கலேன்னா தூக்கம் வராது போல. அதனால இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா போகும், காப்பி எடுத்துக்கிட்டு உட்காருங்க மக்களே.

விஷயம் இதுதான். கடையில போனைத் தட்டிக் காசு கட்டுறோம். நான் இருக்கிற சிங்கப்பூரில் சூப்பர்மார்க்கெட்ல இருந்து எம்.ஆர்.டி. வரைக்கும் இதுதான் கதை. வேலை செய்யற வரைக்கும் சொர்க்கம். பர்ஸ் வேண்டாம், சில்லறை வேண்டாம். ஆனா ஒரு நாள் மெஷின் மாட்டேன்னு சொல்லும் பாருங்க, அப்பதான் தெரியும் நம்ம மரியாதை என்னன்னு.

வீட்டுக்கு வந்து "ஏன் வேலை செய்யல"ன்னு தேடுவோம். உடனே வரும் ஒரு லிஸ்ட். போனை அணைச்சுப் போடுங்க. ஆப்பை அப்டேட் பண்ணுங்க. கேச்சை அழிங்க. உறையைக் கழட்டுங்க. கார்டை நீக்கிட்டு மறுபடி சேருங்க. அப்பவும் சரியாகலையா? ஃபேக்டரி ரீசெட்! பத்து வழி போட்டிருப்பான். பத்தும் நாம செய்ய வேண்டியது. அதாவது பத்துமே நம்ம தப்பு. வங்கி பக்கம் கோளாறு இருக்கலாம்னு கடைசி வரியில பொடி எழுத்துல ஒரு வார்த்தை இருந்தா அது நம்ம அதிர்ஷ்டம்.

இந்த லிஸ்ட் எல்லாம் உதவியே இல்லை என்பது என் கட்சி. அது பழி போடும் வேலை. ஏன் கட்ட முடியவில்லை என்ற காரணம் அந்த நொடியிலேயே யாரோ ஒருத்தருக்குத் தெரியும். நமக்கு மட்டும் சொல்ல மாட்டேன்கிறார்கள். காரணத்தை மறைச்சு வச்சுக்கிட்டு "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க"ன்னு சொல்றது, வயித்து வலின்னு போனவன்கிட்ட ஸ்கேன் ரிப்போர்ட்டை ஒளிச்சு வச்சுட்டு "பல்லு விளக்கிப் பாருங்க"ன்னு சொல்ற மாதிரி.

சும்மா திட்டினா நல்லாருக்காது. உள்ளே என்ன நடக்குதுன்னு பார்ப்போம்.

போனுக்குள்ள என்.எஃப்.சி.ன்னு ஒரு ரேடியோ இருக்கு. 13.56 மெகாஹெர்ட்ஸ். கிட்டத்தட்ட 4 செ.மீ. தூரத்துக்கு மேல எட்டாது. போனை மெஷின்கிட்ட காட்டினதும் அது நம்ம கார்டு நம்பரைக் கொடுப்பதில்லை. அந்தப் போனுக்கென்றே உண்டாக்கிய ஒரு மாற்று நம்பரையும், அந்த ஒரு தடவைக்கு மட்டும் செல்லுபடியாகிற ஒரு ரகசியக் குறியையும் கொடுக்கும். டோக்கன் என்பார்கள். மெஷின் அதைக் கடைக்காரரின் வங்கிக்கு அனுப்பும். அது விசா, மாஸ்டர்கார்டு மாதிரி வலையமைப்புக்குப் போகும். அங்கே மாற்று நம்பர் உண்மை நம்பராக மாறி, நமக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும். அந்த வங்கி சரின்னோ முடியாதுன்னோ சொல்ல, பதில் வந்த வழியே திரும்பும். எல்லாம் கண் இமைக்கிற நேரம்தான்.

ஆக, அஞ்சு கை. போன், மெஷின், கடைக்காரர் வங்கி, வலையமைப்பு, நம்ம வங்கி. அஞ்சுல எது வேணா காலை வாரலாம். ஆனா உதவிப் பக்கம் முழுக்க முதல் கையைப் பத்தி மட்டும்தான் பேசும். மத்த நாலு பேரும் உத்தமர்கள் போலிருக்கு!

இன்னொரு கூத்து. நம்ம வங்கி முடியாதுன்னு சொல்லும்போது சும்மா சொல்வதில்லை, ஒரு எண்ணோடு சொல்லும். கார்டுப் பரிவர்த்தனைச் செய்திகளுக்கான ஐ.எஸ்.ஓ. 8583 தரம் 1987-இலேயே வந்துவிட்டது. அதைப் பின்பற்றும் கார்டு உலகத்தில் 51 என்றால் கணக்கில் காசு போதாது. 54 என்றால் கார்டு காலாவதி. 61 என்றால் வரம்பு தாண்டியாச்சு. 91 என்றால் வங்கியின் கம்ப்யூட்டரே பதில் சொல்லவில்லை. இத்தனையும் இருந்தும் மெஷின் திரையில் நமக்கு வருவது ஒரே வார்த்தை: "மறுக்கப்பட்டது". சில மெஷின் சிலிப்பில் மட்டும் அந்த எண்ணைப் பொடியாக அச்சடிக்கும். அதுக்கு அர்த்தம் கல்லாவில் இருப்பவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

இதுல 05-ன்னு ஒரு எண் இருக்கு. அதுதான் பெரிய தில்லாலங்கடி. அதுக்குப் பொருள் "ஏற்க வேண்டாம்". ஏன்? சொல்ல மாட்டோம். அவ்வளவுதான். காரணம் சொல்ல விருப்பமில்லாத வங்கி எல்லாத்தையும் தூக்கி இந்த 05 மூட்டைக்குள்ள போட்டுடலாம்.

எதிர்ப்பக்கமும் பாருங்க. போனை ரூட் பண்ணியிருந்தாலோ, பூட்லோடரைத் திறந்து வச்சிருந்தாலோ கூகுள் வாலட் என்ன சொல்லும்? "உங்கள் போன் பாதுகாப்புத் தேவைகளைப் பூர்த்தி செய்யவில்லை" என்று பளிச்சென்று சொல்லிவிடும். எவ்வளவு தெளிவு! தப்பு நம்மளதா இருந்தா முழு வாக்கியத்துல வரும். தப்பு அவங்களதா இருந்தா ஒத்தை வார்த்தை. இது தொழில்நுட்பக் குறைபாடு இல்லீங்க. இது மனசு.

சரி, திட்டுறதோட நிக்காம நானே ஒரு வரிசை சொல்றேன். பத்து வழி இல்லை. ஒரே கேள்விதான்: எந்த இடத்துல நின்னுச்சு?

முதலாவது, போன் அசையவே இல்லை. அதிர்வும் இல்லை, திரையில கார்டும் வரல. இது நம்ம பக்கமோ மெஷின் பக்கமோதான். என்.எஃப்.சி. போட்டிருக்கான்னு பாருங்க. ஆண்ட்ராய்டுன்னா, தட்டிக் கட்டுறதுக்கான முதன்மை ஆப் எதுன்னு ஒரு அமைப்பு இருக்கும். ரெண்டு மூணு வாலட் வச்சிருக்கிறவங்களுக்கு அது வேற எதுலயோ போய் நின்னுருக்கும். திரைப்பூட்டு வச்சிருக்கணும், அதைத் திறக்கவும் செய்யணும். உறையில காந்தமோ, இரும்புத் தகடோ, இன்னொரு தட்டுற கார்டோ சொருகி வச்சிருந்தா எடுத்துடுங்க. ஐபோன்ல ஆன்டெனா மேல் முனையில. பல ஆண்ட்ராய்டுல முதுகுல, நடுவுலயோ கேமரா பக்கமோ. மெஷின்லயும் ஒவ்வொண்ணுக்கு ஒவ்வொரு இடம்: சிலதுல திரை மேல, சிலதுல தலைப்பக்கம், சிலதுல விலாப்பக்கம். அந்த நாலு வளைவுக் கோட்டுப் படம் எங்க இருக்குன்னு பார்த்து அங்க வைங்க. கல்லாக்காரர் தொகையைப் போட்டு முடிக்கிறதுக்கு முன்னாடி தட்டினாலும் ஒண்ணும் நடக்காது. இதெல்லாம் நம்ம வேலைதான், மறுக்கல.

நெட் வேணுமான்னு சிலர் கேட்பீங்க. ஐபோன்ல சாவி உள்ளேயே தனிச் சில்லுல இருக்கு, கட்டுற நேரத்துல நெட் தேவையில்லை. ஆண்ட்ராய்டுல கூகுள் வாலட் நெட் இல்லாமலே கொஞ்சம் தடவை விடும், அப்புறம் ஒரு தடவை நெட்டைத் தொட்டு வரச் சொல்லும்.

ரெண்டாவது, போன்ல டிக் வந்துடுச்சு, மெஷின்ல பெப்பே. இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. போன்ல வர்ற டிக்குக்கு "காசு போயிடுச்சு"ன்னு அர்த்தம் இல்லை. "என்கிட்ட இருந்த விவரத்தை மெஷின்கிட்ட கொடுத்துட்டேன்"னு மட்டும்தான் அர்த்தம். தபால் பெட்டியில கடுதாசி போட்டாச்சு, அவ்வளவுதான். போய்ச் சேர்ந்ததா என்பது வேற கதை. இந்த டிக் வந்துட்டா உங்க போன் நல்லா இருக்கு. ரீஸ்டார்ட் தேவையில்லை, ரீசெட் சுத்தமா தேவையில்லை. வங்கிக்குப் போன் போடுங்க.

அந்த ஃபேக்டரி ரீசெட் யோசனை சொல்றவங்களைப் பார்த்தா எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுது. வங்கி மறுத்ததுக்கு போனைத் துடைச்சு என்ன பிரயோசனம்? இருந்த டோக்கன் எல்லாம் போயிடும். ஒவ்வொரு கார்டா மறுபடி சேர்க்கணும், ஒவ்வொண்ணுக்கும் வங்கி சரிபார்க்கணும். போட்டோ போனா போனதுதான். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

மூணாவது, காசு போயிடுச்சு, கடைக்காரர் வரலேங்கிறார். சிலிப்பை வாங்கி வச்சுக்கோங்க. வங்கி அந்தத் தொகையைப் பிடிச்சு மட்டும் வச்சிருக்கலாம், அது தானா விடுபடும். இல்லேன்னா புகார். நேரம், தொகை, கடைப் பெயர், சிலிப்ல உள்ள எண். இந்த நாலும் இருந்தா பாதி சண்டை ஜெயிச்ச மாதிரி.

இதோட தொடர்பா ஒரு சின்ன விஷயம், ஆனா நிறைய பேரைப் பாடாய்ப் படுத்துது. பொருளைத் திருப்பிக் கொடுக்கப் போவோம். கல்லாவில் இருப்பவர் சிலிப்பில் உள்ள கடைசி நாலு இலக்கத்தையும் நம்ம கார்டையும் ஒப்பிட்டுப் பார்த்து "இது உங்க கார்டு இல்லையே"ம்பார். சிலிப்பில் இருப்பது போனின் மாற்று நம்பர், அதுதான் வேற இலக்கம். திருடனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பாங்க. போன்ல வாலட்டைத் திறந்து அந்த கார்டோட விவரத்துல பாருங்க, அந்த மாற்று நாலு இலக்கம் அங்க இருக்கும். எம்.ஆர்.டி.யிலும் இதே கதைதான்: போனால் தட்டி ஏறி, அதே கார்டை பர்ஸிலிருந்து எடுத்துத் தட்டி இறங்கினால் இரண்டும் வேறு வேறு ஆள் என்றுதான் கணக்காகும். லண்டன் ரயிலிலும் அப்படியே. இதை யாரும் கார்டு சேர்க்கும்போது சொல்வதில்லை.

இவ்வளவு ஏன் கொதிக்கிறேன்னு கேட்பீங்க. ஒரு தடவை தேக்கா பக்கம் ஒரு மளிகைக்கடையில வரிசையில நின்னேன். எனக்கு முன்னாடி கட்டுமான வேலைக்கு வந்த நம்ம ஊர்த் தம்பி ஒருத்தர். அரிசி, எண்ணெய், பருப்புன்னு அறையில இருக்கிற எல்லாருக்கும் சேர்த்து வாங்கியிருக்கார். போனைத் தட்டினார். டிக் வந்துச்சு. மெஷின் "மறுக்கப்பட்டது"ன்னுச்சு. மறுபடி தட்டினார். மறுபடி மறுப்பு. கல்லாவில் இருந்த அக்கா சத்தமா, "காசு இல்ல போலிருக்கு தம்பி, எதையாச்சும் எடுத்து வச்சிடுறியா?"ன்னாங்க. அந்த அக்கா மேல எனக்குக் கோபமில்லை. மெஷின் சொன்ன ஒத்தை வார்த்தையை அவங்க அப்படித்தான் படிக்க முடியும். பின்னாடி வரிசையே அந்தப் பையனைப் பார்த்தது. "சம்பளம் நேத்துதான்க்கா போட்டாங்க"ன்னு சொல்லிக்கிட்டே எண்ணெயை எடுத்து ஓரமா வச்சார். குரல் உள்ள போயிடுச்சு.

வெளியில வந்து சேர்ந்து அவரோட வங்கிக்குப் பேசினோம். நாப்பது நிமிஷம் இசை கேட்டோம். கடைசியில வந்தவங்க சொன்னது: தட்டிக் கட்டுறதுக்கு அவருக்கு ஒரு நாளைக்கு வச்சிருந்த வரம்பு தாண்டிடுச்சாம். கணக்குல காசு பத்திரமா இருக்கு. ஆப்புல போய் ஒரு எண்ணை மாத்தினா முடிஞ்சுது வேலை. "ஏங்க, இதை அப்பவே போன்ல சொல்லியிருக்கலாமே"ன்னு கேட்டேன். "அப்படி ஒரு வசதி இல்லை சார்"ன்னாங்க.

வசதி இல்லையா? அவர் கையில இருந்தது அஞ்சு அங்குலத்துக்கு மேல திரை வச்ச ஸ்மார்ட்போன்! பிளாஸ்டிக் கார்டுக்கு வாய் கிடையாது, அதனால சொல்லலைன்னா ஒத்துக்கலாம். போனுக்கு வாய் இருக்கு, திரை இருக்கு, அதிர்வு இருக்கு. அதே வங்கியோட ஆப் உள்ள இருக்கு. கடன் வேணுமா, காப்பீடு வேணுமான்னு ராத்திரி பதினோரு மணிக்கு அறிவிப்பு அனுப்பத் தெரியுது. "உங்கள் வரம்பு தாண்டிவிட்டது, இங்கே மாற்றிக்கொள்ளுங்கள்"னு ஒரு வரி அனுப்பத் தெரியாதா?

பிரிட்டனில் 2015-ல தொடங்கின மான்ஸோன்னு ஒரு வங்கி இருக்கு. கார்டு மறுக்கப்பட்டா ஏன்னு வாடிக்கையாளர் போனுக்குச் சொல்லுது. ஆக, முடியாத காரியம் இல்லை.

வழக்கமா வர்ற ரெண்டு எதிர்வாதத்தை நானே சொல்லிடுறேன், பின்னூட்டத்துல உங்களுக்கு வேலை மிச்சம்.

ஒண்ணு: "காரணம் சொன்னா திருடனுக்குத் துப்பு கிடைக்கும்." சரிதான், மெஷின் திரையில சொல்ல வேண்டாம். கல்லாவில் இருப்பவருக்கு நம்ம கணக்குல காசு இல்லைன்னு தெரியவும் வேண்டாம். பூட்டைத் திறந்த போன்ல, கைரேகையோ முகமோ காட்டின ஆளுக்கு மட்டும் சொல்லுங்க. தட்டிக் கட்டுறதுக்கு அந்த அடையாளத்தை நம்புறீங்க, காரணம் சொல்றதுக்கு மட்டும் நம்ப மாட்டீங்களா? மோசடிச் சந்தேகம்னா மட்டும் "வங்கியைக் கூப்பிடுங்க"ன்னு போடுங்க. அதுவே ஒரு தகவல்தானே.

ரெண்டு: "கையில கொஞ்சம் காசு வச்சுக்க வேண்டியதுதானே." வச்சுக்கலாம், நானும் வச்சிருக்கேன். ஆனா ரொக்கமில்லா வாழ்க்கைன்னு பத்து வருஷமா கூவிக் கூவி பர்ஸைத் தூக்கிப் போடச் சொன்னது யாரு? இப்போ கெட்டுப் போனதும் பாட்டி காலத்து அறிவுரை சொல்றது யாரு?

கேட்டா கிடைக்காதுன்னு நினைக்காதீங்க. சிங்கப்பூர்ல நடந்த கதை இருக்கு. 2024 ஜனவரி 9-ம் தேதி, பழைய வகை பயணக் கார்டை நிறுத்தப் போறோம், பெரியவங்க எல்லாரும் ஜூன் 1-லிருந்து சிம்ப்ளிகோவுக்கு மாறணும்னு நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவிச்சது. அந்தப் புது முறையில வாசல்ல தட்டும்போது எவ்வளவு எடுத்தான், மீதி எவ்வளவுன்னு காட்டாது, ஆப்புலதான் பார்க்கணும். ஜனங்க விடல. "என் காசு எவ்வளவு போச்சுன்னு என் கண்ணுக்குக் காட்டு"ன்னு கேட்டாங்க. ரெண்டே வாரம். ஜனவரி 22-ம் தேதி அரசு பின்வாங்கி, பழைய முறை குறைஞ்சது 2030 வரைக்கும் தொடரும், அதுக்குக் கூடுதலா 4 கோடி வெள்ளி செலவு பண்றோம்னு சொல்லிட்டாங்க. வாசல்ல தெரியற ரெண்டு எண்ணுக்காக 4 கோடி வெள்ளி! தகவலுக்கு விலை இருக்குன்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. வங்கிகளுக்குத்தான் தெரியல.

ஊர்ல இருந்து படிக்கிற நண்பர்களே, உங்க கதை கொஞ்சம் வேற. அங்க க்யூஆர்தான் ராஜா. ஆனா போனையோ கார்டையோ தட்டுறவங்களும் இருக்கீங்க. உங்களுக்கு ஒரு விசேஷ வில்லங்கம்: 2020-ல ரிசர்வ் வங்கி கொண்டு வந்த விதிப்படி, புதுசா வர்ற கார்டுல தட்டிக் கட்டும் வசதி அணைச்சேதான் வரும், நாமதான் வங்கி ஆப்புல போய்த் திறக்கணும். நல்ல விதிதான், பாதுகாப்புக்குத்தான். ஆனா இதைச் சொல்லாம "மறுக்கப்பட்டது"ன்னு மட்டும் காட்டினா மனுஷன் போனைத்தானே சந்தேகப்படுவான்? அதேபோல, கார்டைத் தட்டும்போது பின் இல்லாம போறதுக்கான உச்சவரம்பை 2021 ஜனவரி 1-லிருந்து 2000 ரூபாயிலிருந்து 5000 ரூபாயா ஆக்கினாங்க. அதுக்கு மேல போனா பின் கேட்கும். கோளாறுன்னு நினைச்சுக்காதீங்க.

ஆனா ஒரு விஷயத்துல ரிசர்வ் வங்கிக்கு நான் சலாம் போடுவேன். 2019 செப்டம்பர்ல ஒரு சுற்றறிக்கை. கடையில கார்டு தேய்ச்சு, கணக்குல காசு போயி, கடைக்கு உறுதி வரலேன்னா, அடுத்த 5 நாளுக்குள்ள வங்கி தானா திருப்பிப் போடணும். தாண்டினா நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதுவும் வாடிக்கையாளர் புகார் கொடுக்கட்டும்னு காத்திருக்கக் கூடாது, தானா போடணும். பார்த்தீங்களா, தப்பு அவங்க பக்கம்னா அவங்கதான் செலவு பண்ணணும்னு எழுதி வச்சா எழுதி வச்சதுதான். காசுக்கு இந்த விதி இருக்கும்போது காரணத்துக்கு ஏன் இருக்கக் கூடாது?

என் கோரிக்கை மூணே மூணு. மறுத்தா, போன் உரிமையாளரோட திரையில காரணம் வரணும், என்ன செய்யணும்னு ஒரு வரியோட. அந்த டிக்கை ரெண்டாப் பிரிக்கணும்: "கொடுத்தாச்சு"ன்னு ஒண்ணு, "கட்டியாச்சு"ன்னு ஒண்ணு. உதவிப் பக்கம் எழுதுறவங்க முதல் வரியிலயே "எங்க நின்னுச்சு"ன்னு கேட்கணும், ரீசெட்டைத் தூக்கிக் குப்பையில போடணும்.

அதுவரைக்கும் நாம செய்யக் கூடியது ஒண்ணு இருக்கு. மறுத்தா கூச்சப்படாம சிலிப் கேளுங்க. எண் இருந்தா குறிச்சுக்கோங்க. வங்கிக்குப் பேசும்போது "ஏன் வேலை செய்யல"ன்னு கேட்காதீங்க, ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லிடுவாங்க. "என்ன பதில் எண் கொடுத்து மறுத்தீங்க"ன்னு கேளுங்க. எதிர்ப்பக்கம் ஒரு நிமிஷம் அமைதியா இருக்கும் பாருங்க, அதுவே ஒரு சுகம் :-). கிடைச்ச பதிலை உங்க பக்கத்துல எழுதுங்க. பத்துப் பேர் எழுதினா, அடுத்து தேடி வர்றவனுக்கு ரீசெட் லிஸ்ட்டுக்குப் பதிலா உருப்படியா ஏதாவது கண்ணுல படும்.

டிஸ்கி 1: நான் எந்த வங்கியிலும் வேலை பார்க்கவில்லை. பார்க்கிறவர்கள் யாராவது படித்தால், 05 மூட்டைக்குள்ளே என்னதான் போடுகிறீர்கள் என்று பெயர் போடாமலாவது வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.

டிஸ்கி 2: "எங்க ஊர்ல இன்னும் சில்லறைக்கு மிட்டாய்தான் தர்றாங்க"ன்னு வரப்போகும் பின்னூட்டத்துக்கு இப்பவே நன்றி. மிட்டாயாவது இனிக்குமே சாமி.